பறக்கும் ரயிலில் ஏறி இறங்கி: 100 ரூபாயில் சென்னையைச் சுற்றிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைக்கு வரும் சொந்தக்காரர்கள் "எங்கே போகலாம்?" என்று கேட்டால், ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கேளிக்கைப் பூங்காவையோ பெரிய மால் ஒன்றையோ கைகாட்டிவிடுவது நம் வழக்கம். நான்கு பேர் போய்வந்தால் சில ஆயிரம் ரூபாய் கரைந்துவிடும். ஆனால் இந்த ஊரின் ஆகச் சிறந்த விஷயங்களுக்கு நுழைவுச்சீட்டே கிடையாது. கடற்கரை, கோயில், முந்நூறு வருஷத்துத் தேவாலயம், ஆசியாவின் பெரிய நூலகங்களில் ஒன்று, சபாக் கச்சேரி, தேர், தெப்பம், நள்ளிரவு ஆமை நடை என எல்லாமே சும்மா கிடைக்கின்றன.

ஒரே நிபந்தனை, நேரம். கோயில் நடை நண்பகலில் சாத்திவிடும். கச்சேரி மதியம் இலவசம், மாலையில் டிக்கெட். மெரினா விடிகாலையில் ஓர் ஊர், பகல் 12 மணிக்குத் தகிக்கும் மணல்வெளி. எது எப்போது திறக்கும், எந்த மாதத்தில் எது நடக்கும் என்று தெரிந்துகொண்டு கிளம்பினால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் தாராளமாகப் போதும். அந்த நேரக்கணக்கைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி முடிய வர முடிந்தால் அதுதான் சரியான காலம். வெயில் அடங்கியிருக்கும், மழை ஓய்ந்திருக்கும், நடக்கலாம். இலவச நிகழ்ச்சிகளும் அப்போதுதான் கொட்டிக் கிடக்கும். மார்கழிக் கச்சேரிகள் முடியும் முன்பே பொங்கல் வந்துவிடும். பொங்கலையொட்டி அரசு நடத்தும் 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா' ஊரெங்கும் பூங்காக்களிலும் மைதானங்களிலும் நடக்கிறது. 2007-இல் தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் நின்றுபோய், 2023-இல் மறுபடி உயிர்பெற்றது. பறை, கரகம், ஒயிலாட்டம், தெருக்கூத்து என்று மாவட்டம் மாவட்டமாகத் தேடிப்போய்ப் பார்க்க வேண்டிய கலைஞர்களை ஒரு மாலையில் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். அந்த வாரம் சென்னையில் இருந்தும் இதைப் பார்க்காமல் விட்டால் எனக்கு மனசு கேட்காது.

அடுத்த நல்ல காலம் பங்குனி, அதாவது மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். மயிலாப்பூர்ப் பெருவிழா அப்போதுதான். வெயில் ஏறியிருக்கும், ஆனால் விழாவே காலையிலும் மாலையிலும் இரவிலும்தான் நடக்கிறது. ஆகஸ்டில் வருபவர்களுக்கு மெட்ராஸ் வாரம் இருக்கிறது. 1639 ஆகஸ்ட் 22 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த நிலம் எழுதிக் கொடுக்கப்பட்டதை ஒட்டி, 2004-லிருந்து கொண்டாடுகிறார்கள். பழைய தெருக்களில் விவரம் தெரிந்தவர்கள் கூட்டிப்போகும் மரபு நடைகளும் பேச்சுகளும் கண்காட்சிகளும் பெரும்பாலும் இலவசம். சிலவற்றுக்கு முன்பதிவு கேட்பார்கள், அதனால் ஆகஸ்ட் தொடங்கியதுமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் பிற்பாதியும் நவம்பரும் மழை. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை என்றால் காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் மட்டுமே வெளியே திட்டமிடுங்கள்.

இரண்டாம் படி: பறக்கும் ரயிலைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ரயில் பாதையை ஒட்டித்தான் போகிறது. சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி வரை போகும் பறக்கும் ரயில். 1995-இல் சேப்பாக்கம் வரையும், 1997-இல் மயிலாப்பூர் வரையும், 2007-இல் வேளச்சேரி வரையும் நீண்டது. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். கோட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், திருமயிலை, கோட்டூர்புரம், திருவான்மியூர் என்று இலவசமாகப் பார்க்க வேண்டிய இடங்களை யாரோ உட்கார்ந்து கோத்து வைத்த மாதிரி நிலையங்கள் வரிசையாக வருகின்றன. பாதை பெரும்பகுதி மேலே போவதால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மொட்டைமாடிகளும், பக்கிங்காம் கால்வாயும், கிரீன்வேஸ் ரோடு தாண்டியதும் அடையாறும் தெரியும்.

ஒரு விஷயத்தில் வெளியூர்க்காரர்கள் பலரும் தடுமாறுகிறார்கள். 'சென்னை கடற்கரை' நிலையத்தில் இறங்கினால் மெரினா வராது. அது பாரிமுனைப் பக்கம், துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. மெரினாவுக்குச் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் ஆகிய மூன்றில் ஒன்றில் இறங்க வேண்டும்.

ரயில் போகாத இடத்துக்கு மாநகரப் பேருந்து. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமே கிடையாது. முன்புறம் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்திருக்கும் வண்டிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் தரும் கட்டணமில்லாச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். திருநர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்தச் சலுகை உண்டு. ஆண்களுக்கு அதே வண்டியில் 5 ரூபாயிலிருந்து டிக்கெட். டீலக்ஸ், ஏசி வண்டிகளுக்கு இது பொருந்தாது, பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

மூன்றாம் படி: விடிவதற்கு முன் மெரினா

மெரினாவை மாலையில் மட்டும் பார்த்தவர்கள் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். விடிகாலை ஐந்தரை மணிக்கு உழைப்பாளர் சிலைக்கு எதிரே மணலில் இறங்குங்கள். அந்த நேரத்தில் கடற்கரை நடைபயிற்சிக்காரர்களுக்கும் சிலம்பம் பழகும் பையன்களுக்கும் மீனவர்களுக்கும் சொந்தம். சூரியன் கடலிலிருந்து நேரே எழும். கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் சொத்து இது. அதைத் தூக்கத்தில் விட்டுவிட வேண்டாம்.

வெளிச்சம் வந்ததும் உழைப்பாளர் சிலைக்கு வாருங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் நிறுவியது. நான்கு பேர் ஒரு பெரும் பாறையை நெம்புகிறார்கள். தூர நின்று படம் எடுத்துவிட்டுப் போகாமல் சுற்றி வந்து பாருங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொருவர் முதுகிலும் தசை வேறு வேறு விதமாக முறுக்கேறியிருப்பது தெரியும். கெண்டைக்கால் புடைத்திருக்கும், இடுப்புத்துணி இறுகியிருக்கும். இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் கொண்டாடியதும் இதே திருவல்லிக்கேணிக் கடற்கரையில்தான். அந்த மண்ணில் இந்தச் சிலை நிற்பது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே படுகிறது.

அங்கிருந்து தெற்கே கலங்கரை விளக்கம் வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர். நடைபாதை 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில் அமைத்தது. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் சேப்பாக்கம் அரண்மனை, பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகை, மாநிலக் கல்லூரி என்று சிவப்பு நிறக் கட்டடங்கள். நடுவே 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த சிலைகள். வள்ளுவர், ஔவை, கம்பர், இளங்கோ, பாரதி, பாரதிதாசனோடு போப்பும் கால்டுவெல்லும் வீரமாமுனிவரும் நிற்கிறார்கள். பிள்ளைகளோடு போனால் ஒவ்வொரு சிலைக்கும் ஒரு கதை சொல்லிக்கொண்டே நடக்கலாம். கண்ணகி சிலை 2001-இல் அகற்றப்பட்டு 2006-இல் திரும்ப வந்தது என்பது பெரிய பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்ற கதை.

வடக்கே அண்ணா, எம்ஜிஆர், கலைஞர், ஜெயலலிதா நினைவிடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, கட்டணம் இல்லை. கலைஞர் நினைவிடத்தின் கீழ் 2024-இல் திறந்த நிலத்தடி அருங்காட்சியகத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். கலங்கரை விளக்கத்தின் மேலே ஏறக் கட்டணம் உண்டு. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் அதை விட்டுவிடலாம்.

கலங்கரை விளக்கத்தைத் தாண்டி லூப் சாலையில் கொஞ்ச தூரம் போனால் நொச்சிக்குப்பம். படகுகள் கரையேறும் நேரத்தில் போனால் வலையிலிருந்து மீனை உதறி எடுப்பதையும் ஏலம் போவதையும் பார்க்கலாம். சாலையோரம் விற்றவர்களுக்கு இப்போது தனி மீன் அங்காடி கட்டியிருக்கிறார்கள். அது அவர்களுடைய வீட்டு வாசல், வேலை நேரம். கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. மெரினாவில் குளிக்காதீர்கள். கரையை ஒட்டியே ஆழமும் உள்ளிழுக்கும் நீரோட்டமும் இருக்கின்றன. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் இந்தக் கடல் கொண்டுபோயிருக்கிறது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: முற்பகலில் கோட்டையும் பாரிமுனையும்

கலங்கரை விளக்கம் நிலையத்தில் ரயிலேறி வடக்கே போய்க் கோட்டை நிலையத்தில் இறங்குங்கள். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் சோதனை உண்டு. அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மூடல். புனித மேரி தேவாலயத்துக்குக் கட்டணம் இல்லை, அதைத் தவறவிட வேண்டாம். 1680-இல் திறந்தது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும், தீப்பற்றக் கூடாது என்று கூரையில் மரமே சேர்க்காமல், தடித்த வளைகூரையாகக் கட்டினார்கள். தலையை நிமிர்த்திப் பார்த்தால் அந்த எண்ணம் அப்படியே தெரியும். ராபர்ட் கிளைவின் கல்யாணம் 1753-இல் இங்கேதான் நடந்தது. வெளியே தரையெல்லாம் பதித்திருக்கும் பழைய கல்லறைக் கற்களில், சென்னைக்கு வந்து இருபது வயதிலேயே காய்ச்சலில் செத்துப்போன பையன்களின் பெயர்கள் இருக்கும்.

பிறகு பாரிமுனைப் பக்கம் அரண்மனைக்காரத் தெரு. ஆர்மீனியத் தேவாலயம் அங்கே இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1772-இல் எழும்பியது. இங்கே வாழ்ந்த ஆர்மீனிய வணிகர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். முற்றமும் மணிக்கோபுரமும் பழைய மரங்களும் இருக்கின்றன. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-இல் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியாரின் கல்லறை இந்த வளாகத்தில் இருக்கிறது. வெளியே கால் வைக்க இடமில்லாத மொத்த வியாபாரச் சந்தடி, உள்ளே பத்தடி வைத்தால் அமைதி. பிற்பகல் நடுவிலேயே கதவைச் சாத்திவிடுவார்கள், அதனால் முற்பகலில் முடித்துவிடுங்கள்.

பெரியமேடு, சௌகார்பேட்டை, மிண்ட் தெரு என்று சுற்ற ஆசைப்பட்டால் சுற்றலாம். ஆனால் அங்கே போனால் வயிறும் பையும் சும்மா இருக்காது.

ஐந்தாம் படி: வெயில் நேரத்தை நூலகத்தில் கழியுங்கள்

பதினொன்றரை மணிக்கு மேல் சென்னையில் வெளியே அலைவதில் அர்த்தமில்லை. கோயில்களும் மூடிவிடும். கோட்டையிலிருந்து தெற்கே ரயிலில் கோட்டூர்புரம் வந்துவிடுங்கள். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பரில் திறந்தது, ஒன்பது தளம், 12 லட்சம் நூல்களை வைக்கும் அளவுக்குக் கட்டியது. உள்ளே போக உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, காசு கேட்பதும் இல்லை. பையை வாசலில் ஒப்படைத்துவிட்டுப் போகலாம்.

சிறுவர்களுக்கான பகுதி இந்த ஊரிலேயே பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த இலவச இடம் என்று உறுதியாகச் சொல்வேன். உட்கார்ந்து, படுத்து, சாய்ந்து படிக்கலாம். யாரும் அதட்டுவதில்லை. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பவர்களுக்கென்றே தனிக் கூடம் இருக்கிறது. அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலையிலேயே இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் மேசை நாற்காலி இல்லாத ஒரு பையன் அரசு வேலைக்குப் போகிறான் என்றால், அதில் இந்தக் கட்டடத்துக்கும் பங்கு இருக்கிறது. ஒரு சுற்றுலாப் பயணி பார்க்க வேண்டிய காட்சி இதுவும்தான்.

நூலகத்தில் நாட்டமில்லை என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போகலாம். 1851-இல் தொடங்கியது. சிறு கட்டணம் உண்டு, ஆனால் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கும் அமராவதிச் சிற்பங்களுக்கும் அந்தக் காசு ஒரு பொருட்டே இல்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை. கிண்டி காந்தி மண்டபம் இலவசம், மரநிழல் நிறைய. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டமும் அதன் பெரிய ஆலமரமும் இலவசம்தான். ஆனால் காலையிலும் பிற்பகலிலும் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள், ஞாயிறு கிடையாது. அன்றைய நேரத்தை உறுதிசெய்துகொண்டு போங்கள்.

ஆறாம் படி: மாலை நாலு மணிக்கு மயிலாப்பூர்

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் நான் மயிலாப்பூரைத்தான் சொல்வேன். கோட்டூர்புரத்திலிருந்து திருமயிலைக்கு மூன்றாவது நிலையம். கபாலீசுவரர் கோயில் நடை மாலை நாலு மணிக்குத் திறக்கும். கிழக்குக் கோபுர வாசல் வழியாகப் போங்கள். மேற்கு வாசலுக்கு எதிரேதான் தெப்பக்குளம். பழைய கோயில் கடற்கரையை ஒட்டி இருந்தது. போர்த்துகீசியர் காலத்தில் அது அழிந்த பிறகு இந்த இடத்தில் கட்டியது இப்போதைய கோயில். பிராகாரத்தில் புன்னை மரத்தடியில் அம்மை மயிலாக நின்று சிவனை வழிபடும் சந்நிதி இருக்கிறது. அவசரப்படாமல் பிராகாரத்தில் ஓர் ஓரமாக உட்காருங்கள். ஓதுவார் தேவாரம் பாடுவது காதில் விழும். பிரதோஷ நாளென்றால் சுவாமி புறப்பாடும் நாயனமும் கூட்டமும் வேறு மாதிரி இருக்கும். மாதத்தில் இரண்டு முறை வரும், நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே தேவாரம் பாடிய சம்பந்தரைச் சொல்லாமல் போக முடியாது. இறந்துபோன பூம்பாவையை எழுப்ப அவர் பாடிய பதிகத்தில், "இந்த விழாவைப் பார்க்காமலே போய்விடுவாயோ பூம்பாவாய்" என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். ஓண விழா, கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையின் திருவிழாக்கள் மாத வரிசையில் வருகின்றன. ஏழாம் நூற்றாண்டில் ஒருத்தியை உயிரோடு திரும்ப அழைக்க, ஊரின் திருவிழாக்களைச் சொன்னால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் பல விழாக்கள் இன்றும் அதே மாதத்தில், அதே ஊரில், இலவசமாக நடக்கின்றன.

அதில் பங்குனிப் பெருவிழா மட்டுமே தனி வழிகாட்டி எழுதும் அளவுக்குப் பெரியது. பத்து நாள். மூன்றாம் நாள் விடிகாலை அதிகார நந்தி வாகனத்தில் சுவாமி புறப்பாடு, ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். அந்த எட்டாம் நாள் பிற்பகலில் அறுபத்துமூன்று நாயன்மார்களும் பல்லக்குகளில் மாட வீதிகளைச் சுற்றி வருவார்கள். தெருவெங்கும் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் சாப்பாடும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வேண்டாமென்றாலும் கையில் திணிப்பார்கள். லட்சக்கணக்கில் கூட்டம் சேரும், அதனால் சின்னப் பிள்ளைகளையும் முதியவர்களையும் அன்றைக்குக் கூட்டிவர வேண்டாம். அவர்களுக்கு மூன்றாம் நாள் அதிகார நந்தி சரியாக இருக்கும், காலை வெயிலுக்கு முன்பே பார்த்துவிடலாம். தெப்பம் தைப்பூசத்தை ஒட்டி மூன்று இரவுகள். குளத்துப் படியில் இடம் வேண்டுமென்றால் இருட்டுவதற்கு முன்பே வந்துவிட வேண்டும்.

திருவிழா எதுவும் இல்லாத நாளிலும் மாட வீதிகளைச் சும்மா ஒரு சுற்று வாருங்கள். வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்குச் சில வாரம் முன்பே கொலு பொம்மைக் கடைகள் நடைபாதை முழுக்க வந்துவிடும். பண்ருட்டி, காஞ்சிபுரம், விளாச்சேரி பொம்மைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். விநாயகர் சதுர்த்திக்கு முன் களிமண் பிள்ளையாரும் எருக்கம்பூ மாலையும், கார்த்திகைக்கு முன் அகலும் என்று அந்தத் தெரு மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருக்கும். பூக்காரரிடம் ஒரு முழம் மல்லி வாங்கினால் அதுவே அன்றைய ஆடம்பரச் செலவு.

அப்புறம் கால் தாங்கினால் லஸ் தேவாலயம். 1516-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஊரில் காட்டுக்கோயில் என்பார்கள். பக்கத்திலேயே நாகேஸ்வர ராவ் பூங்கா. ராமகிருஷ்ண மடத்தின் பெரிய கோயிலில் மாலை ஆரத்தி பாடும்போது போய் உட்காரலாம். கடற்கரைப் பக்கம் சாந்தோம் பேராலயம், அதன் கீழே தோமையார் கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனி வழி. இவை எதற்கும் கட்டணம் கிடையாது.

ஏழாம் படி: மதியக் கச்சேரி

டிசம்பர் 15-ஐ ஒட்டி வருபவர்களுக்கு இந்தப் படியே போதும். மற்றதையெல்லாம் தள்ளிவைக்கலாம். சபாக்களில் மாலை நேரத்துப் பெரிய வித்வான்களின் கச்சேரிக்குத்தான் டிக்கெட். நண்பகலிலும் பிற்பகல் இரண்டு மணி வாக்கிலும் நடக்கும் இளம் கலைஞர்களின் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம். மியூசிக் அகாடமியிலும் அப்படித்தான். அங்கே காலை எட்டு மணிக்கு மேல் நடக்கும் விளக்கவுரை நிகழ்ச்சிகளும் யாரும் போய் உட்காரக்கூடியவை. மயிலாப்பூர் கிழக்கு மாட வீதியில் இருக்கும் பாரதிய வித்யா பவனிலும், லஸ் அவென்யூவில் ராகசுதா அரங்கத்திலும் வருஷம் பூராவும் இலவசக் கச்சேரிகள் நடக்கின்றன. அன்றன்றைய பட்டியல் நாளிதழ்களில் வரும்.

போகும் விதம் இப்படி. கச்சேரி தொடங்கப் பத்து நிமிடம் முன்பே போய் நடு வரிசையில் உட்காருங்கள். மதியக் கூட்டம் குறைவு, மேடைக்குப் பக்கத்திலேயே இடம் கிடைக்கும். முதலில் வர்ணம், பிறகு சின்னக் கிருதிகள், நடுவில் விரிவான ஆலாபனையோடு பெரிய உருப்படி, அதன் முடிவில் பாட்டு நின்று மிருதங்கம் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனம். பக்கத்தில் உட்கார்ந்தால் வயலின்காரர் பாடகரின் வாயையே பார்த்துக்கொண்டு, அவர் விட்ட இடத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பது கண்ணுக்குத் தெரியும். ராகம் பெயர் தெரிய வேண்டியதில்லை. தாளத்தைத் தொடையில் போடும் மாமியைப் பார்த்துக் கூடவே போட்டால் அரை மணியில் பிடிபட்டுவிடும்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போகும் கூட்டம் ஒன்று உண்டு. தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கிளம்ப வேண்டுமென்றால் இரண்டு உருப்படிகளுக்கு நடுவே கிளம்புங்கள். இலவசமாகக் கேட்கிறோம், மேடையில் இருப்பது இருபது வயதுப் பெண்ணாகவோ பையனாகவோ இருக்கலாம், அவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் வருஷம் முழுக்கக் காத்திருந்த நேரம். உட்கார்ந்து கேட்பதுதான் நாம் கொடுக்கும் கட்டணம்.

சபா கேன்டீனில் சாப்பிடக் கச்சேரி டிக்கெட் தேவையில்லை. ஆனால் இலைச் சாப்பாடு நம் நூறு ரூபாய்க் கணக்குக்குள் வராது.

எட்டாம் படி: சாப்பாடு

காலையில் அம்மா உணவகம். 2013-இல் தொடங்கியதிலிருந்து இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மாநகராட்சி வார்டுகளிலும் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறது. இட்லியைச் சூடாகச் சாப்பிட வேண்டுமென்றால் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். ஆட்டோக்காரர், கட்டட வேலைக்குப் போகிறவர், மருத்துவமனைக்குத் துணைக்கு வந்தவர் எல்லாரும் நின்றுகொண்டே சாப்பிடும் இடம். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்காமல் சாப்பிட்டு நகர்ந்தால் அவர்களுக்கு உதவி.

கபாலீசுவரர் கோயில் உட்படப் பல பெரிய கோயில்களில் நண்பகல் அன்னதானம் உண்டு. மாலையில் மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். மீதிக் காசுக்கு மயிலாப்பூரில் ஒரு ஃபில்டர் காபி. இதில் கஞ்சத்தனம் வேண்டாம், அந்த ஊரில் வந்து காபி குடிக்காமல் போகக் கூடாது.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், ஒரு காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மெரினா உள்ளிட்ட இடங்களில் குடிநீர் வாரியம் 2025-இல் வைத்த இயந்திரங்களில் இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் படி, விருப்பமிருந்தால்: ஆமை நடை

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் சென்னைக் கடற்கரையில் முட்டையிட ஏறுகின்றன. மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து 1988-லிருந்து நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று, அந்த மாதங்களில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் நடைக்குக் கூட்டிப்போகிறது. நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகர் வரை மணலில் ஏறக்குறைய 7 கிலோமீட்டர், முடிய விடிகாலை ஆகிவிடும். முட்டைக் குழியைக் கண்டுபிடித்து, நாயும் நரியும் எடுக்காமல் முட்டைகளைப் பத்திரமாகப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவதுதான் வேலை. டார்ச் அடிக்கக் கூடாது, ஃபிளாஷ் கூடாது, பேச்சும் மெதுவாகத்தான். ஆமையைப் பார்ப்போம் என்ற உறுதி கிடையாது.

அவ்வளவு தூரம் நடக்க முடியாதவர்களும் சின்னப் பிள்ளைகளும் மார்ச், ஏப்ரல் மாலைகளில் பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போகலாம். பொரித்த குஞ்சுகளைச் சூரியன் சாயும் நேரத்தில் கடலில் விடுவார்கள். அன்றைக்குக் குஞ்சு பொரித்திருக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். கூட்டத்தில் பின்னால் நகரும்போது காலடியைப் பார்த்து வைக்க வேண்டும், குஞ்சுகள் உள்ளங்கையில் பாதிதான் இருக்கும். சீக்கிரம் போனால், 1930-இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப்போய் உயிர்விட்ட டென்மார்க்காரர் ஷ்மிட்டின் நினைவுச் சின்னத்தையும் அங்கேயே பார்க்கலாம்.

கிளம்பும் முன்

பறக்கும் ரயில் நிலையங்கள் பலவற்றில் இரவு எட்டு, எட்டரைக்கு மேல் ஆளரவம் குறைந்துவிடும். தனியாக வருபவர்கள் அந்த நேரத்துக்கு மேல் பேருந்தில் போவது நல்லது. பெசன்ட் நகர், மயிலாப்பூர், பெரம்பூர் வழித்தடத்தில் 29சி வண்டி இருக்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடப்பதால் லஸ், மயிலாப்பூர், கலங்கரை விளக்கம் பக்கம் சாலைகளையும் பேருந்து நிறுத்தங்களையும் மாற்றி மாற்றி விடுகிறார்கள். பழைய நிறுத்தத்தில் நின்று காத்திருக்காமல் பக்கத்துக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போவதால் முழங்கால் மறையும் உடை, சட்டென்று கழற்றி மாட்டும் செருப்பு, தொப்பி, ஐந்து பத்து ரூபாய்ச் சில்லறை, அடையாள அட்டை. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகங்கள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பிரம்மஞான சபை இல்லை. ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் செவ்வாயோ புதனோ வாருங்கள், எல்லாம் திறந்திருக்கும், கூட்டமும் குறைவு.